பாதி காய்ந்த மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் ஓர் அடுப்பு இருந்தது. அடுப்பு என்றதும் சமையலை நினைத்துவிட வேண்டாம். பீரோ மாதிரி ஆளுயரத்துக்கு நிற்கும். கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாகக் கம்பி வலை, மேலே ஒரு கிழட்டு விசிறி. நூற்றைந்து டிகிரியில் ராப்பகலாகக் காயும். அதன் முதுகுப் பக்கச் சுவரில் ஒண்டிய பல்லி சருகாகி உதிர்ந்தது என்றும், பக்கத்து அறைப் பொறியாளருக்குத் தலைமுடி போனதே அந்த அனலில்தான் என்றும் அலுவலகத்தில் சத்தியம் செய்வார்கள்.

அந்த அடுப்பைக் கட்டி மேய்த்தவள் டப்பா அக்கா. அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. மற்ற எல்லாருக்கும் டப்பா அக்கா. உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட அலுமினிய டப்பாக்கள்தான் அவளுடைய உலகம். எங்கேயாவது ரோடு போட வேண்டும், கரை எழுப்ப வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும் என்றால் அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி அவளிடம் வந்து சேரும். டப்பாவில் போட்டு எடை பார்ப்பாள். ஒரு நாள் முழுக்க அடுப்பில் வைப்பாள். எடுத்து மூடி, கண்ணாடி ஜாடிக்குள் ஆறவைத்து, மறுபடி எடை பார்ப்பாள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர். காய்ந்த மண் நூறு பங்கு என்றால் அதில் இருந்த தண்ணீர் எத்தனை பங்கு என்று ஓர் எண் வரும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும்.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் அரை நாள் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு, கால் மரத்துப்போய், நொண்டிக்கொண்டுதான் வெளியே போனார்கள். டப்பாவைச் சூட்டோடு தராசில் வைத்தால் தராசு பொய் சொல்லும். மூடியை மாற்றிப் போட்டால் கணக்கு தலைகீழாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் ஒன்று இருந்தது. அடுப்பில் பாதி காய்ந்துகொண்டிருக்கும் மண்ணோடு, புதிதாக வந்த ஈர மண்ணைக் கொண்டுபோய் வைப்பது. ஈர மண் விடுகிற ஆவியைப் பாதி காய்ந்த மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அது லேசில் காயாது. உள்ளே ஒளிந்துகொண்ட தண்ணீரும் தராசுக்கு மண்தான். ஆக, ஈரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இந்தப் பாவத்தை யாரும் செய்துவிடக் கூடாதென்று அக்கா தன் கையாலேயே அடுப்புக் கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தாள்: "பாதி காய்ந்ததோடு பச்சையைச் சேர்க்காதே." ஒருமுறை மேலதிகாரி ஒருவரே தெரியாமல் கதவில் கை வைக்க, அக்கா போட்ட சத்தத்தில் அவர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார் என்பது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

அக்காவுக்கு உறவென்று மிச்சமிருந்தது ஒரே ஓர் அண்ணன். தையற்காரர். அவரும் அண்ணியும் குடியிருந்த தெரு, ஒரு களிமண் மேட்டை முதுகில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் மேடு மூக்கில் இடிக்கும். மேட்டின் இடுப்பைச் செதுக்கி ரோடு போட்டதிலிருந்து உச்சியில் ஒரு வெடிப்பு. முதலில் கீறல் மாதிரி இருந்தது. பிறகு கால் உள்ளே போகிற அளவுக்கு வாயைத் திறந்தது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கணக்குப் போட்டு, ஒரு வரம்பு வைத்தார். மேட்டு மண்ணின் ஈரம் முப்பதைத் தாண்டக் கூடாது. பெருமழை பிடித்தால் தெருவைக் காலி செய்து பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்புவது. மேட்டு மண்ணை எடுத்து அக்காவிடம் கொடுப்பது. முப்பதுக்குக் கீழே வந்தால் எல்லாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது.

இப்படியாக, தன் அண்ணன் எந்தக் கூரைக்குக் கீழே படுக்கலாம் என்பதை அக்காவின் அடுப்பு சொல்ல வேண்டியதாயிற்று.

போன வருஷ மழையில் அடுப்பு முப்பத்திரண்டு என்றது. அடுத்த தடவையும் தாண்டியது. அதற்கடுத்த தடவையும். தெருவே மண்டபத்தில் கிடந்தது. ஒருவர் புரண்டு படுத்தால் வரிசையின் கடைசி ஆள் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். ஒருவர் தொடங்கிய குறட்டையை இன்னொருவர் முடித்துவைப்பார். இத்தனைக்கும் மேடு அசையவில்லை. ஒரே ஒரு கல் உருண்டு வந்திருந்தால்கூட அக்காவின் மானம் பிழைத்திருக்கும். அதுவோ சாப்பிட்டுவிட்டுப் படுத்த எருமை மாதிரி கிடந்தது. மழை விட்டு வீட்டுக்குத் திரும்பினபோது அண்ணன் கடைத் துணியெல்லாம் பூசணம் பூத்திருந்தது. வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டினால் போதும், "டப்பா அக்கா வந்தாச்சு, பாயைச் சுருட்டு" என்று வாசலுக்கு வாசல் அஞ்சல் போகும். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷ மழை போன வருஷ மழையைத் தூக்கிச் சாப்பிட்டது. தெரு மறுபடி மண்டபத்துக்கு நடந்தது. அண்ணன் தையல் மிஷினின் தலையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சீருடை மொத்தமும் இந்தத் தடவை அவர் கைக்கு வந்திருந்தது. போன வருஷம் போன பேரைத் திரும்ப எடுக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி. மண்டபத்திலோ மிஷினைப் போட இடமில்லை. போட்டாலும் மிதிக்கக் காலை நீட்டினால் யாருடைய தலையாவது தட்டுப்பட்டது.

மேட்டு மண் வந்ததும் அக்கா காலையிலேயே டப்பாக்களில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் ஜீப் ஓட்டுநர் ஒரு சாக்கு நிறைய ஏரிச் சேற்றைக் கொண்டுவந்து இறக்கினார். சாக்கிலிருந்து வடிந்த தண்ணீரில் ஒரு தவளை குடித்தனம் நடத்தலாம். பொறியாளருக்கு அதுவும் அவசரம். அக்கா சேற்றை டப்பாக்களில் அள்ளி, எடை போட்டு, மேசைமேல் வரிசையாக வைத்தாள். மேட்டு மண் வெளியே வந்த பிறகுதான் இது உள்ளே போகும், அதுவரைக்கும் கடவுளே வந்து கேட்டாலும் கதவு திறக்காது என்று ஓட்டுநரிடம் கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

அப்போது போன் வந்தது. அண்ணன்.

"எப்பம்மா காயும்?" என்றார்.

"நாளைக்குக் காலையில தெரிஞ்சுடும்ணா."

"கூரை ஒழுகுதும்மா. வெட்டி வச்ச துணியெல்லாம் நனையுது. உங்க அண்ணி ஒரு மூலையப் பாத்து உக்காந்திருக்கா, என் முகத்தையே பாக்கறதில்ல." மண்டபத்து இரைச்சலுக்குள் அவர் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கொஞ்சம் கம்மியா வரக்கூடாதா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அக்கா போனுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய் அறைந்திருப்பாள். அண்ணனிடம் அது முடியவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எண் என்பது நாம் போடுவதல்ல, மண் சொல்வது, அடுப்பு சொல்வது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணன் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் நாக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க, சும்மா இருக்கத் தெரியாத அவள் கைகள் வேறொரு வேலையைச் செய்தன. மேசைமேல் எடை போட்ட டப்பாக்கள் இருந்தன. எடை போட்ட டப்பா என்றால் அடுப்புக்குப் போக வேண்டும். இத்தனை வருஷமாக அந்தக் கைகளுக்குத் தெரிந்தது அதுதான். கதவைத் திறந்தன, சேற்று டப்பாக்களைக் கீழ்த்தட்டில் அடுக்கின, கதவைச் சாத்தின. சிவப்பு எழுத்து மூக்குக்கு நேரே இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்துச் சுவராகிப் போன எழுத்து. போதாக்குறைக்கு அவளே எழுதியது.

மறுநாள் காலை, கீழ்த்தட்டுப் பக்கம் குனியாமலே, மேட்டு மண்ணை எடுத்தாள், ஆறவைத்தாள், தராசில் வைத்தாள். இருபத்தெட்டு.

அக்கா இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டேதான். ஒரு தடவை எடை பார்த்தால் மறுபடி கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்து இன்னொரு தடவை பார்ப்பாள், எடை இறங்காமல் நின்றால்தான் எழுதுவாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து தவறாத வழக்கம் அது. அன்றைக்கு அந்த இரண்டாம் எடை பார்க்கப்படவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை, அப்புறம் வா என்று அனுப்பிவிட்டுப் பொறியாளர் அறைக்கு ஓடினாள். ஓடின ஓட்டத்தில் செருப்பு ஒன்று கூடத்திலேயே தங்கிவிட்டது.

பொறியாளருக்கும் சந்தோஷம்தான். போன வருஷம் தெருவைக் காலி பண்ணி வைத்ததற்கு மேலிடத்தில் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணைக் கேட்டதும் அவருடைய வழுக்கை பளபளவென்று விளக்குப் போட்டதுபோல் ஆனது. கையெழுத்துப் போட்டார். மழையும் மரியாதை தெரிந்ததுபோல் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. மத்தியானத்துக்குள் தெரு வீடு திரும்பிவிட்டது.

சாயங்காலம் அக்காவுக்கு ஒரு போன். எடுத்தால் அண்ணி. ஒரு வருஷமாகப் பேசாதவள், எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல்தான் பேசினாள்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு இங்க வந்துடு. அங்க எதையாவது தின்னுட்டு வராத."

போனை வைத்த பிறகும் அக்கா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைத் தராசில் வைத்திருந்தால் முள் மேலே ஏறியிருக்காது. அவ்வளவு லேசாக இருந்தாள்.

மறுநாள் காலை, சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் டப்பாக்களைக் கழுவி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். வெளியே மழை மறுபடி வலுத்திருந்தது. மேட்டு மண் டப்பா ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினாள். நன்றாகக் காய்ந்த களிமண் கட்டி விழுந்தால் ஓடு விழுந்ததுபோல் 'டங்' என்று கேட்கும். இது 'பொத்' என்று விழுந்தது. தூங்குகிற குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். கட்டியை எடுத்து விரலால் உடைத்தாள். மேலே சாம்பல் நிறம். நடுவில் கறுப்பு. விரலில் ஒட்டியது.

எழுந்துபோய் அடுப்பைத் திறந்தாள். கீழ்த்தட்டு நிறைய ஏரிச் சேறு.

யார் வைத்தது என்று ஒரு கணம் அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஓட்டுநரைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டாள். டப்பாக்கள் வரிசை மாறாமல், மூடிகள் அடியில் வைக்கப்பட்டு, கைப்பிடிக்கிற பக்கம் வெளியே பார்க்க, அழகாக அடுக்கியிருந்தன. அந்த அழகில் அடுக்குகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

அப்போதே ஓடியிருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, விரலுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எண் இல்லாமல் அவள் யாரிடமும் எதுவும் சொல்லிப் பழகியதில்லை. நல்லவேளையாக ஒரு டப்பாவைத்தான் தட்டியிருந்தாள். சேற்றையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மீதி மேட்டு மண்ணை உள்ளே தள்ளி, அடுப்புக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வப்போது எடுத்து எடை பார்த்தாள். இறங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி இறங்கியது. அண்ணியின் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. போன் அடித்து ஓய்ந்தது. ஒரு வழியாக எடை நின்றபோது கணக்குப் போட்டாள்.

முப்பத்துநாலு.

பொறியாளர் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துடைத்ததையே துடைத்தார்.

"நேத்து இருபத்தெட்டுன்னீங்க. மேல அனுப்பியாச்சு. இன்னிக்கு அதே மண்ணு முப்பத்துநாலுன்னா நான் அவங்களுக்கு எதைச் சொல்றது?"

"நேத்து நான் சொன்னது தப்பு சார்."

"நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு யார் நம்புவாங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே நம்ப முடியவில்லை.

புது மண் எடுத்துவந்து புதிதாகப் பார்த்தால்தான் தெருவை மறுபடி காலி பண்ணச் சொல்ல முடியும் என்றார். மேட்டு உச்சிக்குப் போகிற தடம் கரைந்துபோய்விட்டது, ஜீப் ஏறாது என்று ஓட்டுநர் சொன்னார். மழை விட்டதும் நாளைக்கு ஆள் அனுப்பலாம். அப்புறம் அது அடுப்பில் ஒரு நாள். அக்கா அசையாமல் நின்றாள். பொறியாளர் குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரர்கள்தானே, நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், நான் தடுக்க மாட்டேன் என்றார். அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அதையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தார்.

ஓட்டுநர் ஜீப்பில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். அக்கா முதல் வாசலில் தொடங்கினாள். ஈரம் தாண்டிவிட்டது, நேற்றுச் சொன்னது தவறு, உடனே கிளம்புங்கள். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு வாசலாக இதையே சொன்னாள். பாயைச் சுருட்டும் ஜோக் அவள் கூடவே, அவளுக்கு ஒரு வாசல் முன்னால் நடந்தது. முடிதிருத்துகிறவர் பாதி சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்க அடுப்புக்கு ஜன்னி கண்டிருக்கு. நேத்து ஒண்ணு பிதற்றுது, இன்னிக்கு ஒண்ணு பிதற்றுது. மொதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க."

நாற்காலியில் இருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு சிரித்தார். உள்ளேயிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

அண்ணன் வீட்டு முன்னறைதான் கடை. நீலத்துணியும் வெள்ளைத்துணியும் மேடு மேடாகக் கிடந்தன. அண்ணன் அந்த மேடுகளுக்கு நடுவே மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. அண்ணி துண்டை எடுத்துவந்து அவள் தலையில் போட்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஆறி அவலாப் போச்சு. தலையத் துவட்டு மொதல்ல."

ஒரு வருஷமாக இந்தக் குரலைக் கேட்கத்தான் அக்கா தவித்துக்கொண்டிருந்தாள். அதற்கு எதிரே நின்று, தலையில் துண்டோடு, சொல்ல வந்ததைச் சொன்னாள். பச்சைச் சேற்றைக் கூட வைத்ததைச் சொன்னாள். இரண்டாம் எடை பார்க்காததைச் சொன்னாள். முப்பத்துநாலைச் சொன்னாள்.

மிஷின் நின்றது. அண்ணன் அவளையே பார்த்தார்.

"தெரியாமயா வச்சே?"

"தெரியாமத்தான்ணா. உன்கூடப் பேசிக்கிட்டே வச்சிருக்கேன். எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"நான் கேட்டேன்னு கம்மி பண்ணிக் குடுத்தேன்னு நெனச்சேன்." அவர் கையிலிருந்த சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க அண்ணிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். என் தங்கச்சி ஒரே ஒரு தடவை எனக்காக வளைஞ்சு குடுத்திருக்கா, இனிமே அவளை ஒண்ணும் சொல்லாதேன்னேன்."

அக்காவுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப ஈரம்னு தெரிஞ்சேதான் இங்க வந்தியா?"

"தெரிஞ்சேதான்."

அண்ணி அவள் தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். மடித்த துண்டை இன்னொரு தடவை மடித்தாள். பிறகு மூலைக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

அக்கா தன் அறைக்கு வந்துவிடுங்கள் என்றாள். சின்ன அறைதான், மூன்று பேரும் எப்படியாவது படுத்துக்கொள்ளலாம் என்றாள். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. சத்தம் போடாமல், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"போன வருஷம் மண்டபத்துல கெடந்தோமே. அப்ப அந்த அறை இன்னும் சின்னதா இருந்துச்சா?"

அந்த அறை அப்போதும் அதே அளவுதான். ஒருவர் தும்மினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அளவு. ஆனாலும் அண்ணனை அங்கே கூப்பிடலாம் என்று போன வருஷம் முழுக்க அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மண் காய்ந்ததா, காய்ந்ததா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தாள்.

அக்கா போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள். மேடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஒரு கிள்ளு மண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டினாள். ஈரம் குறைந்த மண்ணாக இருந்தால் உருட்ட உருட்ட வெடித்து உதிர்ந்துவிடும். இது திரியாக நீண்டது. தீக்குச்சி பருமனுக்கு வந்தது. அதற்கும் மெல்லிசாகப் போனது. வெடிக்கவில்லை. உள்ளங்கையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் மணிக்கட்டில் தொங்கியது. அடுப்பு வேண்டாம், தராசு வேண்டாம், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடப் புரியும். கையை அப்படியே அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார். நூல் பார்த்துப் பழகிய கண்.

"ஊசியில கோக்கலாம் போல இருக்கே," என்றார்.

சிரிப்பு வந்ததுபோல் அவர் உதடு கோணியது. அக்காவும் சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்திருந்தால்.

"புரியுதும்மா. புரியாம இல்ல. இங்க இருந்தா அது வரலாம், வராமலும் போகலாம். மண்டபமோ உன் அறையோ, மிஷின் போட எடமில்ல, போனா இந்தச் சட்டை முடியவே முடியாது. போன வருஷம் ஒரு தடவை செத்தேன். அதே எடத்துல இன்னொரு தடவை எப்படிம்மா போய்ப் படுக்கறது?" காலரை ஊசிக்கு அடியில் வைத்தார். "இதை முடிச்சுக் குடுத்துட்டா வரேன். நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அக்கா மண் திரியைச் சுருட்டி உருண்டையாக்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொத்தான் டப்பாவைத் தேடி எடுத்தாள். தைத்து முடித்து, பொத்தான் மட்டும் வைக்க வேண்டிய சட்டைகள் ஒரு பக்கம் கிடந்தன. அவளுக்குத் தையல் வராது. சின்ன வயதில் அவள் வைத்த பொத்தானை அண்ணன் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிச் சிரித்திருக்கிறார். முட்டைக்கண் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முதல் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசி விரலில் ஏறியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வைத்து முடித்த சட்டைகளை எடுத்து, தொங்குகிற நூலை வெட்டி, மடித்து அடுக்கினாள். மிஷின் சத்தம், மழைச் சத்தம், கத்தரிக்கோலின் சத்தம். தெருவில் யாரோ இன்னும் அந்தப் பாய் ஜோக்கைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கொல்லைக் கதவின் அடியிலிருந்து கருஞ்சேற்று நிறத்தில் ஒரு கோடு உள்ளே வந்தது. மெதுவாக வந்து, சட்டை அடுக்கின் பக்கம் திரும்பியது. அண்ணி எழுந்து, வெட்டு மிச்சத் துணியை அள்ளி இடுக்கில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். துணி வெள்ளையாக இருந்தது. அக்கா அதைப் பார்க்கக் கூடாதென்று பொத்தானைப் பார்த்தாள். ஆனாலும் கண் போனது. ஓரம் நிறம் மாறியிருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது பாதி மாறியிருந்தது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

கை வேகம் பிடித்தது. பொத்தான்கள் துருத்தவில்லை, பரவாயில்லாமல் உட்கார்ந்தன. பக்கத்திலிருந்த குவியல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கையைப் போட்டுத் துழாவினபோது தரை தட்டுப்பட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முடிந்தது, கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து, கயிறு கட்டிய ஒரு புதுத் துணிக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு தெரிந்தது. அதற்கும் பின்னால் இருட்டாக இருந்தது.

"இன்னும் இருக்கா அண்ணா?"

"இருக்கும்மா," என்றார் அவர், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

கதவிடுக்கில் திணித்த துணி முழுக்க நிறம் மாறியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள், பிறகு முதல் தடவையாக அக்காவைப் பார்த்தாள். நூல்கண்டை அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

அக்கா நூலை இழுத்து, அறுத்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நூல் நுனி பிரிந்து பிரிந்து போனது. நாக்கில் வைத்து நனைக்கப் பார்த்தாள். வாய் காய்ந்து கிடந்தது.